பதினைந்து சென்டிமீட்டர் தண்ணீர்

“கொஞ்சம்கூட வெட்கமா இல்லையா உனக்கு? நல்லா ஓடுற ஆத்தைக் காகிதத்துல வத்த வெச்சிருக்கே!”

“நான் வத்த வைக்கல சார். தாள்ல எண்ணை மாத்தினது யாருன்னு அதைக் கேளுங்க!”

“குரலை உசத்தாதே!”

“நீங்க உசத்தினதுக்குப் பதில்தான் சார் இது!”

காலை 11.10. ஆற்றுநீர் ஆய்வு அலுவலகத்தின் கூட்ட அறை. கத்தியவர் இயக்குநர், அலுவலகத்தில் அவருக்கு ‘இடி’ என்று பெயர். சத்தம் மட்டும்தான், மழை கிடையாது. எதிரே நின்று பதில் சொன்னவள் அந்த ஆற்றில் இனி எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுகிற பெண். ஜன்னல் ஓரம் முக்காலிமேல் ஏறி, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றவள் அந்தப் பெண்ணின் அக்கா. தையல்காரி. மறுநாள் இந்த அறையில் பெரிய மனிதர்கள் கூடுகிறார்களாம், நிறம் வெளுத்த திரைச்சீலையை மாற்ற வேண்டுமாம். அளவெடுக்க வந்தவள் அளவெடுத்து முடித்துப் பத்து நிமிடமாகிவிட்டது. இருந்தாலும் ஒரே ஜன்னலை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தாள். தெருவில் எந்த வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் எந்தப் பாத்திரம் என்று சொல்லக்கூடியவள் அவள். உடன்பிறந்தவளைத் திட்டும்போது இறங்கிப் போய்விடுவாளா?

விஷயம் இதுதான். ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீர் அடைத்து விற்கும் ஆலை ஒன்று, நாற்பது வருடத்துக்கு ஆற்றுநீர் எடுக்க அனுமதி கேட்டிருந்தது. மறுநாள் பத்து மணிக்குக் குழு கூடி முடிவு சொல்ல வேண்டும். தங்கையின் அறிக்கை, கொடுக்காதே என்றது. வெயில் ஏறுகிறது, மழை கொஞ்ச நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, மண்ணுக்குள் இறங்குவதில்லை. இன்னும் நாற்பது வருடத்தில் கோடை நான்கு மாதமும், இன்றைய நூறு பங்கில் ஐம்பத்தைந்து முதல் எழுபது பங்குதான் ஓடும் என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கணக்குக்கு அடித்தளம் ஆற்றங்கரை அளவுகாரர் எழுதும் தாள்கள். காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று அளவுகோலைப் பார்த்து எழுதுவார். மாதத்துக்கு ஒரு தாள். இருபத்தாறு வருடமாக ஒருநாள் விடாமல்.

இன்று காலை அந்தத் தாள்கட்டைப் பிரித்துச் சரிபார்த்தபோதுதான் இடி விழுந்தது. கடைசி ஆறு வருடக் கோடைத் தாள்களில் இருந்த எண்கள், தங்கையின் கணினியில் இருந்ததைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் அதிகம். தாள் கையால் எழுதியது, அதுதான் சாட்சி. அப்படியானால் கணினியில் குறைத்துப் போட்டது யார்?

“ஆலைமேல என்ன பகை உனக்கு?” என்று தாளை ஆட்டினார் இயக்குநர். “நாளைக்குக் குழு முன்னால இதை வைக்கப் போறேன். அதோட உன் வேலையும் போச்சு. அந்த அளவுகாரனையும் நிறுத்தி வெச்சாச்சு. இத்தனை வருஷமா என்னத்தைப் பாத்தானோ!”

தங்கை அழவில்லை. தாள்கள் மேசைமேல் விழுந்ததும் கைப்பேசியை எடுத்து இரண்டு தாள்களைப் படம் எடுத்தாள். மூன்றாவதற்குள் இயக்குநர் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பூட்டுவதற்குமுன் அக்கா ஒன்றைப் பார்த்தாள். காலையில் அவிழ்க்காமலே தாள்களை உருவிய அந்தக் கட்டின் நூல், ஷூ கயிறுபோல் இரண்டு காது வைத்து முடியப்பட்டிருந்தது. மற்ற கட்டுகளிலெல்லாம் பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சு. நூலோடு பிழைக்கிறவள் கண்ணுக்கு இது தப்புமா?

பகல் 11.50. நடைபாதை.

அலமாரிக்கு மூன்று சாவி. ஒன்று இயக்குநரிடம், ஒன்று துணை இயக்குநரிடம், ஒன்று பதிவறைக்காரரிடம். நாடாவைச் சுருட்டிக்கொண்டே அக்கா ஒவ்வொருவரையும் ‘தற்செயலாக’ வழிமறித்தாள்.

பதிவறைக்காரர் மனைவியை இழந்தவர், சிக்கனமாகப் பேசுபவர். சாவியைப் பறிகொடுத்துவிட்டு நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

“கட்டை முடிஞ்சது நீங்களா?”

“நான் முடிஞ்சா அவிழாது.”

“கணினிக்கு எண் கொடுக்கறது?”

“நான்தான். காலையும் மாலையும் கூட்டிப் பாதியாக்கி, நாளுக்கு ஒரு எண்ணா உங்க தங்கச்சிகிட்ட கொடுப்பேன். சரியாத்தான் கொடுத்தேன்.”

“அதைச் சொல்றதுதானே?”

“சொன்னேன். அளவுகாரர் எனக்கு மச்சான். அவருக்கு உடம்பு சரியில்லாதப்ப நான்தான் போய் அளவு எடுப்பேன். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணியாம். தாளைத் திரும்பத் தொடக்கூட விடல.”

அடுத்து துணை இயக்குநர். இவருக்கு ‘சர்க்கரை’ என்று பெயர். இவர் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்து யாரும் கேட்டதில்லை. தங்கைக்காக மனம் உருகினார்.

“சின்னப் பொண்ணு, அவசரத்துல தப்புப் பண்ணிட்டா. மன்னிப்புக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கம்மா. இயக்குநர்கிட்ட நான் பேசுறேன்.”

“அவ தப்பே பண்ணலைன்னா?”

“ஆறு பொய் சொல்லாதும்மா. போன மாசம்கூட நான் போனேன். நம்ம கரையில பாலத்தை ஒட்டின படிக்கட்டுல உக்காந்து, அந்த அளவுகோலைக் கையால தொட்டுப் பாத்தேன். தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது.”

“நல்லது சார். மக சௌக்கியமா? கல்யாண உடுப்பு இன்னும் பொருந்துதா?”

“உங்க கைராசி! மாப்பிள்ளைக்கு ஆலைக்குப் பக்கத்துலயே வீடு கொடுத்துட்டாங்க. மேலாளர் ஆயிட்டார்ல!”

அக்கா சிரித்தாள். மாப்பிள்ளைக்குக் கால்சட்டை தைத்தவளும் அவள்தான். இடுப்பு முப்பத்தெட்டு, வாய்ச்சவடால் அதற்கு மேல்.

இயக்குநரை வழிமறிக்க வேண்டியிருக்கவில்லை. அவராகவே வந்து, திரைச்சீலை நாளைக் காலை ஒன்பதரைக்குள் தொங்க வேண்டும் என்று ஒருமுறை இடித்துவிட்டுப் போனார்.

மாலை 4.15. ஆற்றங்கரை.

இந்தக் கரையில் பாலத்தை ஒட்டி இறங்கலாம் என்று போனவளுக்கு, இறங்க எதுவும் இல்லை. படிக்கட்டு இருந்த இடத்தில் மண் சரிந்து, இரண்டே இரண்டு கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. அளவுகோல் எதிர்க்கரையில் தெரிந்தது. பாலத்தைக் கடந்து, பாறைகளுக்கு நடுவே இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டாள்.

அளவுகாரர் அங்கேதான் இருந்தார்.

“உங்களைத்தான் வேலையை விட்டு நிறுத்திட்டாங்களே அண்ணே?”

“என்னை நிறுத்தினாங்க. ஆத்தை நிறுத்தலையே!”

இருபத்தாறு வருடம். பெற்ற மகள் பிறந்த அன்றும் இறங்கி ஏறிவிட்டுத்தான் போய்க் குழந்தையைப் பார்த்தாராம். அந்த மனிதரைப் பார்த்துத்தான், ஆற்றில் கால் வைக்காதவர்கள் எல்லாம் பொய்யன் என்கிறார்கள். அக்காவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

தங்கையின் கைப்பேசிப் படங்களைத் தன் கைப்பேசிக்கு வாங்கி வந்திருந்தாள். நீட்டினாள். அவர் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

“இம்மாத்தூண்டு எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கண்ணாடி உடைஞ்சு போச்சு. தூரத்துல இருக்கறதைக் கேளு, சொல்றேன்.”

சரியாக ஐந்து மணி. அளவுகோல் என்பது வெள்ளைப் பலகை; இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு. தண்ணீர் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆடியது. அவர் எட்ட நின்றே பார்த்துவிட்டுத் தன் சொந்த நோட்டில் எழுதினார்: முப்பத்தாறு.

“கோட்டுக்குக் கொஞ்சம் மேல நிக்குதே அண்ணே?”

“கீழ்க்கோடுதான் கணக்கு. இயக்குநர்கூட ஒருநாள் வந்து, நடுவுல நின்னா நடு எண்ணை எழுதுய்யான்னு சண்டை போட்டாரு. கோடே இல்லாத எடத்தை நான் எப்படிப் பாத்தேன்னு எழுதறதுன்னு கேட்டேன். மூஞ்சி சிவந்து போயிட்டாரு. மறுநாள், கோட்டை மட்டும் எழுதுன்னு அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. வீட்டுல சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்.”

“அளவுகோல் எப்பவும் இந்தக் கரையிலதானா?”

“முன்னே அந்தக் கரையில இருந்துச்சு. நாலு வருஷத்துக்கு முந்தின வெள்ளத்துல படியோட போயிடுச்சு. பழைய மட்டத்துக்குப் பிசகாம இங்க நட்டோம்.”

“துணை இயக்குநர் வருவாரா?”

அளவுகாரர் யோசித்தார். “அவரா? ஒருக்கா பாலத்து மேல காரை நிறுத்தாமப் போனாரு. கை ஆட்டினாரு.”

மாலை 6.30. வீடு.

தங்கை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என் வேலை போனாப் போகட்டும்க்கா. நாற்பது வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் கேக்கவே முடியாது. கீழ்ப்பக்கம் இருக்கறவங்க கோடையில எதைக் குடிப்பாங்க?”

“சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. வராத தண்ணியை எப்படிடீ அளக்குறே? ஜோசியம்னு அந்த இடி சொல்றார்ல?”

“வளர்ற பிள்ளைக்கு நீ மடிப்பு விட்டுத் தைக்கிறே இல்ல? வருஷா வருஷம் அளவு எடுத்து வெச்சிருக்கறதாலதானே இவ்வளவு விடணும்னு தெரியுது? அது ஜோசியமா? எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு பழைய அளவு சொல்லும். இனிமே வெயிலும் மழையும் எப்படி மாறலாம்னு பல விதமாப் போட்டுப் பாப்போம். அதான் ஒரே எண்ணாச் சொல்லாம, இதுலேருந்து இதுவரைக்கும்னு சொல்றேன்.”

“அப்ப இது மெலியுற உடம்புன்னு சொல்லு.”

“ஆமா. பழைய அளவையே பொய்யாக்கிட்டா எல்லாம் போச்சு.”

அக்கா தையல் மேசைக்குப் போனாள். திரைச்சீலை வெட்டுவதற்கு அளவு நோட்டைத் திறந்தாள். எண்பத்தி நாலரை. நாற்பது. அறுபத்தி ஒண்ணரை. எல்லாமே முழு எண் இல்லையென்றால் அரை. காலே அரைக்கால் என்று அவள் எழுதியதே இல்லை; அது அவள் கைப்பழக்கம். யாராவது அந்த நோட்டில் காலே அரைக்காலை எழுதி வைத்தால், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள்.

கத்தரிக்கோல் கையில் இருந்தபடியே நின்றுவிட்டாள்.

“அந்தப் படத்தைப் பெருசாக்கிக் காட்டுடீ.”

மழைக்காலத் தாள்: 182, 176, 190, 204, 198, 186.

கோடைத் தாள்: 61, 59, 61, 57, 57, 55.

அக்கா இரண்டு தாள்களையும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு திரைச்சீலையை வெட்டினாள். வெட்டும்போது பாட்டுகூட முனகினாள்.

“என்னக்கா?”

“நாளைக்கு நீ மன்னிப்புக் கடிதம் எழுதாதே. இப்ப எந்திரிச்சுச் சாப்பிடு.”

மறுநாள் காலை 10.05. கூட்ட அறை.

குழுத்தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. நடுநாற்காலியில் அமர்ந்திருந்தார். ஒருபக்கம் இயக்குநர், ஒருபக்கம் சர்க்கரை. ஆலையின் ஆட்கள் இரண்டு பேர் பாட்டில் தண்ணீரோடு வந்திருந்தார்கள். திரைச்சீலை ஒன்பதரைக்குத் தொங்கவில்லை. அக்கா இன்னும் முக்காலிமேல்தான் இருந்தாள். அளவுகாரரும் பதிவறைக்காரரும் கதவோரம் நிற்க வைக்கப்பட்டிருந்தார்கள்.

“தாள் சொல்றது உண்மைன்னா, இந்தப் பொண்ணோட மதிப்பீட்டைத் தள்ளிட வேண்டியதுதான்,” என்றார் குழுத்தலைவி.

“தாளைப் பாத்தீங்களாம்மா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

இயக்குநர் இடித்தார்: “நீ வேலையைப் பாரு!”

“பாத்தாச்சு சார். இனி உங்க வேலையைக் கொஞ்சம் பாக்கலாம்னு.” அக்கா முக்காலியிலிருந்து இறங்கினாள். “அம்மா, நான் ரெண்டு தாள்தான் பாத்தேன். மிச்சத்தை நான் பாக்காமலே சொல்றேன், சரியான்னு பாருங்க. கடைசி ஆறு வருஷத்துல மழைக்கால எண் எல்லாம் இரட்டைப்படை. கோடை எண் எல்லாம் ஒற்றைப்படை. ஒண்ணு தவறினாலும் என் தங்கச்சியை இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“துணி தைக்கிறவங்களுக்கு ஆத்துக் கணக்கு எதுக்கும்மா?” என்றார் சர்க்கரை. குரலில் இனிப்புக் கொஞ்சம் குறைந்திருந்தது.

குழுத்தலைவி கண்ணாடியை மாட்டினார். தாள் புரண்டது. ஒன்று, இரண்டு, பத்து. கடைசி வருடத்துக் கடைசித் தாளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒண்ணுகூடத் தவறல. அதுக்கு முந்தின வருஷத்துத் தாள்ல கோடையும் இரட்டைப்படைதான். என்னம்மா இது?”

“அளவுகோல்ல ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடும்மா. கோட்டை மட்டும்தான் இவர் எழுதுவார். ஒற்றைப்படை எண் இவர் கையிலிருந்து வரவே வராது. இருபத்தாறு வருஷமா வந்ததில்ல. ஆயிரத்து நானூத்துக்கு மேல வரி, அத்தனையும் ஒற்றைப்படை! ஆறு அப்படி ஓடாது. இரட்டைப்படையோட பதினைஞ்சைக் கூட்டினா அப்படி வரும். எல்லாக் கோடை எண்லயும் பதினைஞ்சைக் கழிச்சு, காலையும் மாலையும் கூட்டிப் பாதியாக்குங்க. என் தங்கச்சி கணினியில இருக்கறது அப்படியே வரும்.”

தங்கை கணினியைத் திருப்பி வைத்தாள். குழுத்தலைவி ஐந்து நாள் கணக்குப் போட்டார். ஐந்தும் ஒத்துப்போயிற்று.

“கோடைத் தாளை மட்டும் புதுசா எழுதிக் கட்டுக்குள்ள சொருகியிருக்காங்க,” என்றாள் அக்கா. “வெறும் எண்தானே, கையெழுத்தைக் காப்பியடிக்கிறது சுலபம். சாவி மூணு பேர்கிட்ட. பதிவறைக்காரர் இவருக்குப் பதிலா ஆத்துல இறங்கி அளந்தவர், கோடு எப்படின்னு தெரியும். அவர் பொய் எழுதினா இரட்டைப்படையில எழுதியிருப்பார். அவர் முடிச்சு வேற, அந்தக் கட்டுல இருக்கற முடிச்சு வேற. இயக்குநர் சாருக்கும் தெரியும். கோட்டை மட்டும் எழுதுன்னு உத்தரவு போட்டதே அவர்தான்.”

அளவுகாரர் சட்டைக்குள்ளிருந்து சட்டம் போட்ட கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இயக்குநர் தன் கையெழுத்தையே பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“தாளைக் கையில வெச்சு ஆட்டினீங்களே சார், ஒருதரம் படிச்சீங்களா? படிச்சிருந்தா ஒற்றைப்படையைப் பாத்ததுமே உங்க உத்தரவே உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். படிக்காமலே ஒரு பொண்ணைப் பொய்க்காரின்னீங்க. ஆத்துலயே கெடந்த மனுஷனைக் களவாணின்னீங்க!”

இடி அந்தக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப மூணாவது சாவி,” என்றார் குழுத்தலைவி.

“நானும் ஆத்துக்குப் போறவன்தான்!” சர்க்கரை எழுந்துவிட்டார். “எனக்கும் கோடு தெரியாதா என்ன?”

“எங்க உக்காந்து பாத்தீங்க சார்? அம்மாகிட்டயும் சொல்லுங்க.”

“நம்ம கரையில. பாலத்தடிப் படிக்கட்டுல. போன மாசம்.”

கதவோரம் அளவுகாரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பெரிய மனிதர்கள் இருக்கிறார்களே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் படியை ஆறு கொண்டுபோய் நாலு வருஷம் ஆச்சு சார். அளவுகோல் எதிர்க்கரையில நிக்குது. என் துணி நேத்து நனைஞ்சது இன்னும் காயல. ஆத்தைப் பாக்காமலே ஆத்துக்கு எழுத ஒரு தைரியம் வேணும், அது உங்களுக்கு இருக்கு. மாப்பிள்ளையோட ஆலைக்குக் கோடையில இன்னும் கொஞ்சம் தண்ணி வேணும்னு, கீழ்ப்பக்கத்துக் குழந்தைங்க வாயிலேருந்து எடுத்துத் தாள்ல ஊத்தினீங்க. பதினைஞ்சுங்கறது கேக்க அழகா, முழுசா இருந்துச்சு போல. பதினாறுன்னு கூட்டியிருந்தா, இந்த ஊரே ஏமாந்திருக்கும்.”

சர்க்கரை உட்கார்ந்தார். யாரோ பாட்டில் தண்ணீரை அவர்பக்கம் நகர்த்தினார்கள். அவர் குடிக்கவில்லை.

“மாப்பிள்ளை வேலை போயிடும்னாங்க,” என்றார் மேசையைப் பார்த்து. “தாள்தானே, யார் பாக்கப் போறான்னு நினைச்சேன்.”

“பாக்கறதுக்குத்தான்யா தாள்!” என்று கதவோரத்திலிருந்து பதிவறைக்காரர் கத்தினார். சிக்கனமாகப் பேசும் மனிதர் ஒரு வருடத்துச் சேமிப்பை ஒரே மூச்சில் செலவழித்ததை அக்கா திரும்பிப் பார்த்தாள்.

பகல் 12.20-க்கு நாற்பது வருட அனுமதி மறுக்கப்பட்டது. தங்கையின் மதிப்பீடு குழுவின் பதிவில் ஏறியது. தன்மேல் குற்றமில்லை என்று சொன்னார்களே என்று அவள் முகத்தில் மலர்ச்சி எதுவும் இல்லை. “நான் சொன்னது தப்பா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்க்கா,” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப்பிறகு நடந்ததைத் தெருவே சொல்லும். சர்க்கரைக்கு வழக்கு வந்தது, வேலை போனது. மகளும் மாப்பிள்ளையும் தூரத்து நகரம் ஒன்றுக்குப் போனார்கள். அவரும் அவர்களோடு போய், ஐந்தாவது மாடியில் இருக்கிறாராம். அங்கே இரண்டு நாளைக்கு ஒருமுறை லாரியில்தான் தண்ணீர். இடியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதுத் திரைச்சீலையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு பேச்சு. தங்கை கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் அடுத்த ஆற்றுக்குக் கணக்குப் போட்டு முடிக்கிறேன் என்கிறாள்.

கல்யாணம் பண்ணிக்கொண்டது அக்காதான், நாற்பத்து நான்கு வயதில், பதிவறைக்காரரை. அவிழாத முடிச்சுப் போடத் தெரிந்த ஆளாம்! தெருவைக் காலி செய்துவிட்டுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் குடிபோனார்கள். தையல் இயந்திரத்தை ஜன்னல் ஓரம் போட்டிருக்கிறாள். கேட்டால், காற்று நன்றாக வருகிறது என்கிறாள். அந்த ஜன்னலிலிருந்து அளவுகோல் தெரியும்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் தாமதம். அளவுகாரருக்குக் காய்ச்சல், மாலை அளவு எடுக்க ஆளில்லை. புதுத்துணியோடு இறங்கி, முழங்கால்வரை நனைந்து வந்து நின்றார். வந்தவர்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். மணப்பெண் மட்டும் ஒன்று கேட்டாள்.

“எவ்வளவு?”

“காலையில முப்பத்தி நாலு,” என்றார். “இப்ப முப்பத்தி ரெண்டு.”